எழுத்தின் அழகும் சான்றின் அறமும்: மைசூர்க் கல்வெட்டு மைப்படிகளை முன்வைத்து

மைசூர் அரசின் கீழ்த்திசை நூலகத்திற்குத் தஞ்சாவூர்ப் பகுதிப் பண்டிதர் ஒருவரிடமிருந்து ஓலைச்சுவடி ஒன்று வந்து சேர்ந்தது. அதில் அமைந்திருப்பது கௌடிலியரின் அர்த்தசாஸ்திரம் என்பதை 1905ஆம் ஆண்டில் ஆர். சாமசாஸ்திரி கண்டறிந்தார். சுவடி கிரந்த எழுத்தில் எழுதப்பட்டது. 1909இல் மைசூரிலிருந்து அந்நூல் அச்சாகி வெளிவந்தபோது தேவநாகரி எழுத்தில் வந்தது. மொழி மாறவில்லை, சொல்லும் மாறவில்லை, வரிவடிவம் மட்டுமே மாறியது. உலக அறிஞர்கள் அந்நூலைக் கற்கத் தொடங்கியது இம்மாற்றத்திற்குப் பின்னரே. ஆதலின் இங்கு இழப்பு ஏதும் நேரவில்லை என்று கூறிவிட முடியுமா? அன்றி, தமிழகத்துக் கையொன்று ஓலையில் இழுத்த கிரந்த வரிகளின் வளைவும் நெருக்கமும் அந்நூலின் ஒரு கூறாகக் கருதத்தக்கனவா?

இவ்வினா அச்சுக்கலை வல்லுநர்க்கு மட்டும் உரியதன்று. எழுத்தின் அழகு என்பது பொருளின்மேல் போர்த்திய ஆடையா, பொருளோடு பிறந்த மேனியா என்பது மெய்ப்பொருள் வினா. அந்த அழகைத் தேவையற்றது என்று ஒதுக்கும் உரிமை பதிப்பாசிரியர்க்கு உண்டா என்பது அறவினா. இரண்டையும் ஒருங்கே எழுப்புவதற்கு மைசூரைவிடப் பொருத்தமான நகரம் தமிழாய்வாளர்க்கு வேறு இல்லை எனலாம். இந்தியத் தொல்லியல் துறையின் கல்வெட்டுப் பிரிவு 1966இல் உதகமண்டலத்திலிருந்து மைசூருக்கு மாற்றப்பட்டது. தமிழ்க் கல்வெட்டுகளின் பல்லாயிரம் மைப்படிகள் அதன்பின் பல பத்தாண்டுகள் அந்நகரிலேயே பேணப்பட்டன. அவற்றைச் சென்னைக்கு மாற்ற வேண்டும் என்று 2021 ஆகஸ்டில் சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை ஆணையிட்டது. அவ்வாணையை ஒட்டிப் படிகள் எந்த நகரில் இருக்க வேண்டும் என்பது பெரிதும் பேசப்பட்டது. அவற்றில் காண வேண்டுவது யாது என்பது அந்த அளவிற்குப் பேசப்படவில்லை.

இலக்கண மரபில் வரிவடிவம்

தமிழ் இலக்கண மரபு எழுத்தை முதன்மையாக ஒலியாகவே கொண்டது. உரையாசிரியர்கள் ஒலிவடிவு, வரிவடிவு எனப் பகுத்துக் காட்டினும், அவர்தம் ஆய்வு முழுவதும் முன்னதையே சுற்றி நிற்கிறது. தொல்காப்பியம் மெய்யும் எகர ஒகரமும் புள்ளி பெறும் என்று கூறுகிறது. நன்னூல், எழுத்துகளின் வடிவம் தொன்றுதொட்டு வருவதே என்று ஒரு நூற்பாவில் சுட்டி, புள்ளி பெறுவனவற்றைக் குறித்து, அவ்வளவில் அமைகிறது. பிறப்பிற்கும் புணர்ச்சிக்கும் நூற்பா நூற்பாவாக விரித்துச் சொன்ன ஆசிரியர்கள் வடிவிற்கு ஒரு வரியே அளித்தனர். இது குறையன்று, ஒலியே எழுத்தின் உயிர் என்னும் தெளிந்த கொள்கையின் விளைவு. ஆயினும் இக்கொள்கையின் நிழலில் வேறொரு மனப்பாங்கும் வளர்ந்தது. வரிவடிவம் வெறும் ஏனம். பாலை எந்த ஏனத்தில் ஊற்றினும் பால் பாலே என்பது அம்மனப்பாங்கு.

ஓலையிலிருந்து தாளுக்கு வந்த பதிப்பு முயற்சிகள் இம்மனப்பாங்கை வலுப்படுத்தின. ஓலையில் ரகரமும் துணைக்காலும் ஒரே கோடாக நிற்கும். ஆகவே 'பரவை' என்றும் 'பாவை' என்றும் ஒரே வரியைப் படிக்கலாம். கடலா பெண்ணா என்பதை இடம் நோக்கிப் பதிப்பாசிரியரே முடிவு செய்தாக வேண்டும். புள்ளி இல்லை, எகர ஏகார வேறுபாடும் ஒகர ஓகார வேறுபாடும் இல்லை. 1887இல் சீவக சிந்தாமணியை அச்சேற்றிய உ.வே. சாமிநாதையர் தலைமுறையினர் கண் வருந்திச் செய்த பணி, இத்தகைய வரிகளிலிருந்து சொல்லை மீட்பதே. சொல் மீட்கப்பட்டது. மீட்டபின் ஓலையின் வரி, கரையேறியவன் விட்ட தோணி போலாயிற்று.

ஓலையில் குத்தினால் கிழியும் என்பதாலேயே புள்ளி விடப்பட்டது என்று பாடநூல்கள் தொடர்ந்து சொல்லி வருகின்றன. சோழர் காலக் கல்வெட்டுகளிலும் புள்ளி பெரும்பாலும் இல்லை. கல் கிழியாது. ஓலையில் பழகிய கை கல்லிலும் அவ்வாறே எழுதியது என்று விடை கூறலாம். கூறினால், எழுத்தின் வடிவைத் தீர்மானிப்பது எழுதுபொருளன்று, கையின் பழக்கமே என்று ஒப்புக்கொண்டதாகும். வரிவடிவத்தை ஏனம் என்று தள்ளியவர்கள் இத்தகைய வினாக்களை எழுப்ப நேர்ந்ததில்லை.

கல்லும் தாளும்

மைப்படி எடுக்கும் முறை எளியது, செய்வதற்கு அரியது. முதலில் கல்லைத் தூரிகையால் தேய்த்துக் கழுவுவர். நனைந்த தாளைக் கல்லின்மேல் விரித்து, எழுத்தின் பள்ளங்களுக்குள் தாள் இறங்குமாறு தூரிகையால் அடிப்பர். தாள் சற்று உலர்ந்ததும் மை ஒற்றும் பொதியால் மேற்புறம் ஒற்றுவர். மேட்டில் மை ஏறும், பள்ளத்தில் ஏறாது. கருந்தாளில் வெள்ளெழுத்தாகக் கல்வெட்டு எழும். அச்செழுத்து தன் உலோக முகத்தில் இடவலம் மாறிப் பிறந்து, தாளில் பதிந்த பின்னரே நேராகும். மைப்படியில் மை தாளின் வெளிப்புறத்திலேயே படிவதால் எழுத்து முதலிலிருந்தே நேராக நிற்கிறது. கல்லின் முகத்தைத் தாள் தொட்ட பக்கம் ஒன்று. படிப்போன் காணும் பக்கம் மற்றொன்று. இடையில் இருப்பது ஒரு தாளின் கனமே.

அடி குறைந்தால் எழுத்து மங்கும்; மிகுந்தால் தாள் கிழியும். மை மிகுந்தால் மெல்லிய கோடுகள் மூடிப்போகும். நல்ல படி எடுப்பவர் எழுத்தறிந்தவராக இருத்தல் கட்டாயமில்லை. ஆனால் கல்லின் மேடுபள்ளத்தை விரல் அறிந்திருத்தல் வேண்டும். மொழியறிவு இன்றியும் எழுத்தின் வடிவைக் காக்கும் இக்கைத்திறன், வரிவடிவம் சொல்லின் நிழல் மட்டுமே என்னும் கருத்திற்கு ஓர் எதிர்ச்சான்றாகும்.

தஞ்சைப் பெரிய கோயிலின் அதிட்டானத்தில் ஓடும் முதலாம் இராசராசன் காலத்து எழுத்துகளைக் கண்டோர் அவற்றின் சீர்மையை மறவார். வரிசை கோணாது, எழுத்துகளின் உயரம் மாறாது, வளைவுகள் உளியால் வெட்டப்பட்டன என்று தோன்றாது, எழுத்தாணியால் இழுக்கப்பட்டன என்றே தோன்றும். தானும் தன் தமக்கையும் தேவியரும் பிறரும் கொடுத்தவற்றைக் கல்லில் வெட்டுமாறு மன்னன் தன் 26ஆம் ஆட்சியாண்டில் ஆணையிட்ட செய்தியை அக்கல்வெட்டுகளே கூறுகின்றன. இவற்றை ஹுல்ஷ் தென்னிந்தியக் கல்வெட்டுகள் வரிசையின் இரண்டாம் தொகுதியில் பதிப்பித்தார். தமிழக வரலாற்றாய்வு அத்தொகுதிக்குப் பட்ட கடன் பெரிது. ஆனால் அச்சிட்ட பக்கத்தில் இராசராசன் காலத்து எழுத்தும், அதற்கு ஐந்நூறு ஆண்டு பிந்திய விசயநகரக் காலத்து எழுத்தும் ஒரே அச்சுருவில் நிற்கும். காலம் தலைப்பில் எண்ணாக மட்டும் எஞ்சும்.

சோழ நாட்டிற்கு வெளியே செல்லின் இது மேலும் விளங்கும். மைசூரை அடுத்த தலைக்காடு சோழர் ஆட்சியில் இராசராசபுரம் எனப் பெயர் பெற்றது; கங்கபாடி முடிகொண்ட சோழ மண்டலமாயிற்று. அப்பகுதியிலும் கோலார்ப் பகுதியிலும் தமிழ்க் கல்வெட்டுகள் கிடைக்கின்றன. கன்னட எழுத்தும் தமிழ் எழுத்தும் அருகருகே புழங்கிய இடத்தில் தமிழ் எழுத்தை வெட்டியவன் எம்மொழியினன், எக்கையினன் என்று வினவ வேண்டுமெனில் அச்சிட்ட பாடத்தால் பயனில்லை. படியைக் காண வேண்டும்.

தெளிந்த கிண்ணம்

இதற்கு மறுதலையாக ஒரு வலிய வாதம் உண்டு. 1930இல் பியாட்ரிஸ் வார்ட் என்னும் அச்சுக்கலை அறிஞர் இலண்டனில் ஆற்றிய உரையில் நல்ல அச்சைத் தெளிந்த பளிங்குக் கிண்ணத்திற்கு ஒப்பிட்டார். பொற்கிண்ணம் தன்னையே காட்டும். பளிங்குக் கிண்ணம் உள்ளிருக்கும் மதுவைக் காட்டும். படிப்போன் எழுத்தைக் கவனித்தால் அச்சு தோற்றது என்பது அவர் கருத்தின் சாரம். தமிழ் மரபின் ஏனக் கருத்திற்கு இது மிக அணுக்கமானது; ஆனால் இதில் ஓர் அறம் கூடுதலாக உள்ளது. எழுத்தின் பணிவு என்பது படிப்போனுக்குக் காட்டும் மதிப்பு என்று அவர் கொண்டார்.

இவ்வாதத்தை எளிதில் தள்ள இயலாது. 1713இல் ஹாலேயிலிருந்து தரங்கம்பாடிக்கு வந்த தமிழ் அச்செழுத்துகள் பெரியனவாக இருந்தன. அவற்றால் புதிய ஏற்பாட்டை அச்சிடின் தாள் போதாது. எனவே சிறிய எழுத்துகள் உள்ளூரில் வார்க்கப்பட்டன. அங்கு அழகைத் தீர்மானித்தது தாளின் பஞ்சமே. ஒன்றரை நூற்றாண்டு கடந்து 1862இல் சென்னை அமெரிக்க மிசன் அச்சகத்தில் பி.ஆர். ஹண்ட் அச்சிட்ட வின்சுலோ அகராதியின் சிறிய எழுத்துகள், நெருக்கத்திலும் தெளிவு குன்றாதவை. அச்சொல் எங்கே என்று தேடும் கண்ணை அவை அலைக்கழிப்பதில்லை. அழகு என்ற சொல்லை அங்கு ஆள்வோமெனில் அது பயன்பாட்டின் அழகு.

பொற்கிண்ணத்தின் கதையும் அறிய வேண்டியதே. மைசூரில் கீழ்த்திசை நூலகம் தொடங்கிய அதே 1891இல் இலண்டனில் வில்லியம் மோரிஸ் கெல்ம்ஸ்காட் அச்சகத்தை நிறுவினார். 1896இல் அவ்வச்சகம் வெளியிட்ட சாசர் பதிப்பு 87 மரச்செதுக்குப் படங்களுடன் பக்கந்தோறும் கொடிவேலைப்பாடு கொண்டது. தாளில் அச்சிட்டவை 425 படிகள். பொதுவுடைமை பேசிய மோரிஸின் அழகிய நூல்களைச் செல்வரே வாங்க முடிந்தது. மைசூரிலும் இதற்கு முன்னோடி உண்டு. மும்மடி கிருஷ்ணராச உடையார் (1794–1868) தொகுப்பித்த ஸ்ரீதத்துவநிதி ஒன்பது நிதிகளாகப் பகுக்கப்பட்டது. தெய்வ வடிவங்களின் இலக்கணத்தையும் ஓவியத்தையும் அருகருகே அமைத்தது. எழுத்தும் வண்ணமும் ஒன்றையொன்று விளக்கும் அரிய நூல். ஆயினும் அரண்மனைக்கு எழுதப்பட்டது. இவற்றின் எழிலைக் குறைகூறுவது அழகாகாது. எத்தனை கண்கள் கண்டன என்று கேட்பது தவறாகாது.

எழுத்துச் சீர்திருத்தத்தையும் இங்கு வைத்து நோக்கலாம். பெரியார் 1935இல் குடியரசு இதழில் கையாளத் தொடங்கிய மாற்றங்களை ஒட்டித் தமிழக அரசு 1978இல் ணா, றா, னா, லை, னை முதலிய 13 எழுத்துகளின் வடிவை மாற்றியது. லகர ஐகாரத்தின் துதிக்கை போன்ற சுழி மறைந்தது. அச்சுக் கோப்பவர்க்கும் பள்ளிக் குழந்தைக்கும் சுமை குறைந்தது. அச்சுழியின் எழிலுக்காக வருந்தியவர்கள் இருந்தனர். அவர்தம் வருத்தம் பொய்யன்று. ஆனால் குழந்தையின் நலனை ஒரு தட்டிலும் சுழியை மறு தட்டிலும் வைத்தால் எத்தட்டு தாழும் என்பதில் ஐயமில்லை. படிப்பதற்கான எழுத்து பணிய வேண்டும், மாறவும் வேண்டும்.

ஆக, வார்டின் வாதம் நூலுக்குப் பொருந்துகிறது. கல்வெட்டிற்கு அது ஏன் பொருந்தவில்லை?

என் எழுத்து

சோழர் கால ஆவணங்களின் இறுதியில் சபையாரும் கணக்கரும் ஒருவர்பின் ஒருவராகக் கையெழுத்திடுவர். ஒவ்வொரு பெயரின் பின்னும் 'எழுத்து' என்னும் சொல் வரும். அங்கு எழுத்து என்பது ஒலியன்று. அகரமும் ககரமும் அன்று. இன்னார் கை, இன்னார் ஒப்புதல், இன்னார் பொறுப்பு என்பதே அதன் பொருள். இலக்கண நூல்கள் ஒலி என்ற சொல்லை ஊர்ச்சபை சான்று என்று ஆண்டது. தமிழ்ச் சிந்தனையில் வரிவடிவத்திற்கு அறப்பொறுப்பு ஏற்றிய இடம் இலக்கணத்தில் இல்லை. கணக்கர் ஏட்டில் உள்ளது.

இதில் ஒரு நுட்பம் உண்டு. கல்லில் காணும் அக்கையெழுத்துகள் கையெழுத்திட்டவர் கையால் ஆனவை அல்ல. அவர்கள் எழுதியது ஓலையில்; கல்லில் வெட்டியது தச்சன். பத்துப் பேரின் 'எழுத்து'ம் ஒரே உளியின் எழுத்தாகவே நிற்கும். மூல ஓலைகள் அழிந்தன. ஆகவே கல்வெட்டே ஒரு படிதான்; மைப்படி படியின் படி; அச்சிட்ட பாடம் அதற்கும் படி. மூலம் என்று தனியே ஒன்று இல்லையெனில் மைப்படிக்கு மட்டும் மேன்மை எவ்வாறு வந்தது என்று வினவலாம். வினா நியாயமானது. விடை, படிகளின் தன்மையில் உள்ளது. தச்சனும் மையொற்றியவரும் தாம் கண்ட வடிவைத் தொடர்ந்தனர். பொருளைத் தேர்ந்து முடிவு கூறுவது அவர்கள் பணியன்று. அச்சுப்பாடம் அமைப்பவர் புள்ளி இடுகிறார், குறில் நெடில் பிரிக்கிறார், சொல் பிரிக்கிறார், சிதைந்ததை ஊகிக்கிறார். அவை செய்யத்தக்கனவே. ஆனால் அவை அவருடைய எழுத்து.

அழகு நேர்மைக்கு உறுதியாகாது என்பதையும் இங்கு மறைத்தல் கூடாது. தஞ்சைக் கோயிலின் சீர்மிகு எழுத்துகளில், சோழ நாட்டுப் பல தளிகளிலிருந்து கொணர்ந்து குடியமர்த்திய 400 தளிச்சேரிப் பெண்டுகளின் பட்டியல் உள்ளது. ஒவ்வொருத்தியின் பெயரும், முன்பிருந்த தளியும், இப்போது பெற்ற வீடு எத்தெருவில் எச்சிறகில் எத்தனையாவது என்பதும் பிறழாமல் வெட்டப்பட்டன. ஆளுக்கு ஒரு பங்கு. பங்கிற்கு ஆண்டிற்கு 100 கலம் நெல். மன்னன் கொடைக்கு வெட்டிய எழுத்தின் வனப்பு இவர்கள் பெயருக்கும் குறையாமல் கிடைத்தது. அவர்கள் விரும்பி வந்தனரா என்பதற்கு அவ்வனப்பு விடை கூறாது. வேறு சாசனங்களில் 'குடிநீக்கிய தேவதானம்' என்ற தொடர் வருகிறது. உழுதவர் நீக்கப்பட்டதைக் கூறும் அத்தொடரும் 'குடிநீங்காத் தேவதானம்' என்பதைப் போன்றே வடிவழகுடன் வெட்டப்பட்டிருக்கக் கூடும். எழுத்தின் அழகைப் போற்றுவோர் அதிகாரத்தின் அழகைப் போற்றிவிடும் இடர் இங்கு உள்ளது. வெற்றெழுத்தில் அச்சிட்ட பாடம் இவ்விடரிலிருந்து காப்பதும் உண்மை. 'குடிநீக்கிய' என்ற சொல் அச்சுப்பக்கத்தில் ஒப்பனையின்றி நின்று உறுத்துகிறது.

ஆயின் மைப்படியைக் காண வேண்டும் என்று வற்புறுத்துவது அழகை நுகர்வதற்காக அன்று. அழகு என்று கண்ணுக்குத் தோன்றுவது, ஆய்வுக்கு வரும்போது வேறொன்றாகிறது. ஒரே சீராக ஓடிய எழுத்து ஓரிடத்தில் நெருங்கினால் அங்குப் பின்னர்ச் சேர்த்த சொல் இருக்கலாம். வளைவு மாறினால் கை மாறியிருக்கலாம். ஓர் அரசன் பெயருக்குரிய எழுத்து அவன் காலத்திற்குப் பிந்தியதாகத் தோன்றினால், அது பழைய சாசனத்தின் மறுவெட்டாகவோ போலியாகவோ இருக்கலாம். சீர்மை எவ்வளவு மிகுதியோ அவ்வளவு எளிதில் பிறழ்ச்சி புலப்படும். தஞ்சைத் தச்சர்களின் ஒழுங்கு அவ்வகையில் பிற்கால ஆய்வாளர்க்குக் கிடைத்த அளவுகோல்.

திருப்பணி என்னும் பெயரில் மணல் வீச்சு முறையால் கோயிற் சுவர்களைத் தூய்மை செய்தபோது பல கல்வெட்டுகள் தேய்ந்தன. சுவர்களைப் பிரித்துக் கட்டியபோது கற்கள் இடம் மாறின. சில காணாமற் போயின. 1887 முதல் வெளிவந்த ஆண்டறிக்கைகளில் எண் பெற்றும் முழுப்பாடம் அச்சேறாதவை இன்னும் உள்ளன. இவற்றுள் கல்லை இழந்தவற்றிற்கு மைப்படி ஒன்றே சான்று. தாள் பழுக்கும், மடிப்பில் ஒடியும், ஈரத்தில் மை கரையும். அதன் ஒளிப்படம் நீடிக்கும் எனினும், ஒளிப்படம் எடுத்தபின் தாளைக் கைவிடலாம் என்று எவரேனும் கூறின், அவர் ஏனக் கருத்தையே புதிய கருவியுடன் திரும்பச் சொல்கிறார். சாய்வொளியில் தாளின் புடைப்பைத் தடவிப் படிக்கும் வாய்ப்பு தட்டையான படத்தில் இல்லை.

பதிப்பு நெறியில் இதற்கு இடம் வகுப்பது அரிதன்று. பாடத்தோடு மைப்படியின் படத்தையும் ஒரே பக்கத்தில் தருதல். படத்தில் அளவுகோல் இடுதல். பதிப்பாசிரியர் இட்ட புள்ளியையும் பிரித்த நெடிலையும் வேறு அச்சுருவால் காட்டுதல். படி எடுத்த ஆண்டைக் குறித்தல். செலவு மிகும் என்று முன்பு கூறப்பட்டது; தாள் பஞ்சத்தால் எழுத்தைச் சிறிதாக்கிய தரங்கம்பாடியின் நிலை இன்று எப்பதிப்பாளர்க்கும் இல்லை. அர்த்தசாஸ்திரத்தை 1924இல் தி. கணபதி சாஸ்திரியும் 1960இல் ஆர்.பி. காங்களேயும் மீண்டும் பதிப்பிக்க முனைந்தபோது 1909ஆம் ஆண்டின் அழகிய தேவநாகரிப் பக்கங்கள் அவர்களுக்குப் போதவில்லை, ஓலைகளை நாடினர். முதற்பதிப்பை மறுக்கும் உரிமை அவர்களுக்கு ஓலையிலிருந்தே கிடைத்தது.

தமிழ்க் கல்வெட்டுப் பதிப்புகளில், எழுத்து அழிந்த இடத்தில் சில புள்ளிகள் இடுவது வழக்கம். ஓரெழுத்து அழியினும் பத்தெழுத்து அழியினும் கண்ணுக்கு அவை ஏறத்தாழ ஒன்றே. மைப்படியில் அவ்விடத்தில் கல்லின் சிதைவு தன் அகலத்தோடும் விளிம்போடும் பதிந்திருக்கும். மேல்வரியின் எழுத்துகளை அளந்து, அங்கு இரண்டு எழுத்திற்குமேல் இடமில்லை, ஆகவே பதிப்பாசிரியர் ஊகித்த பெயர் பொருந்தாது என்று அதைக் காணும் மாணவர் ஒருவர் கூறலாம்.